அரை அளவு

நாக்ஸ்வில்லில், கில்மோர் தெருக் காலணிக் கடையில்
பதினோரு வருடமாய்க் குழந்தைகளின் கால் அளக்கிறேன்.
இரும்புப் பலகையில் குதிகால் பதியும்.
தகட்டை விரல் நுனி வரை தள்ளுவேன்.
"வளருகிற பிள்ளை," என்பார்கள் தாய்மார்கள்,
"ஒரு அளவு கூட்டியே கொடுங்கள்."
கொடுப்பேன்,
நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு
அடுத்த வருடத்தின் வெற்றிடம் விட்டு.

இந்தக் கணக்கோடுதான்
செவ்வாய்க்கும் சோறு போட்டேன்.

செவ்வாய் ஒரு சோளப் பாம்பு.
அலாஸ்காவுக்கு மீன் வெட்டப் போகும்போது
கண்ணாடித் தொட்டி, சூட்டு விளக்கு,
பென்சில் தடிமனில் அது,
எல்லாவற்றையும் என் சமையலறையில் இறக்கிவிட்டு
"ஆறே மாதம், ரோவீனா" என்றான் மார்வெல்.
ஆகிவிட்டது பதினாலு.
பெயர், வாங்கிய கிழமையால் வந்தது.
சிவந்தது வாயல்ல, உடம்பு:
செங்கல் பொடியில் ஆரஞ்சுச் சாறு கொட்டினாற்போல்.

உறைபெட்டியில், பட்டாணிக்குப் பின்னால், அதன் தீனி.
கண் திறக்காத, ரோமமில்லாத ரோஜா நிறக் குஞ்சுகள்.
அடுத்து, மெல்லிய மயிர் அரும்பியவை.
பிறகு துள்ளப் பழகியவை.
கடைசியில் வாலும் மீசையுமாய் முழு எலி.
ஷூ பெட்டிகளுக்குப் போல
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
நானே எண் எழுதி ஒட்டியிருந்தேன்.
செவ்வாய்க்கு இரண்டாம் எண்.

ஜனவரியில் ஓர் இரவு
கண்ணாடியை மூக்கால் தேய்த்துக்கொண்டே இருந்தது.
பசி என்று நினைத்தேன்.
(அன்று மாலைதான் மார்வெல் எழுதியிருந்தான்,
இன்னொரு பருவமும் இருக்கப் போவதாக.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)
வளருகிற பிள்ளை, என்றேன் எனக்கே.
மூன்றைத் தாண்டி
நான்கை எடுத்து வெந்நீரில் போட்டேன்.

தாடை விரிந்தது, இன்னும் விரிந்தது.
முக்கால் மணி நேரம்.
செதில்கள் விலகி நடுவே வெள்ளைத் தோல் தெரிந்தது,
போன வருடச் சட்டையில்
பொத்தான்களுக்கிடையே வயிறு தெரிவதுபோல்.
சொல்ல வெட்கம், எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள்,
மூடியைத் திறக்குமுன்பே நாற்றம் சொல்லிவிட்டது.
மரச்சீவலின் மேல், பாதி கரைந்து, எலி.
மூலையில் அது, இறுகிய முடிச்சாய்.
பாம்புக்கு இமை கிடையாது.
என்னைப் பார்க்காமலிருக்க
தலையைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும்.
திருப்பிக்கொண்டிருந்தது.

மருத்துவர் ஆஸ்டிரண்டர் திட்டவில்லை.
"உடம்பில் மிகப் பருத்த இடம், எவ்வளவு அகலம்?"
தெரியவில்லை,
அளப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளுக்கு.
"அந்த அகலம்தான் இரையின் அகலம்.
கூடினால் ஒரு கால் பங்கு.
இப்போதைக்குப் பதினாலு நாள், தண்ணீர் மட்டும்.
அப்புறம் வழக்கத்தில் பாதி."

கடைப் பலகையை அன்றிரவு பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.
குளிர்ந்த இரும்பில் அது தயங்கி ஊர்ந்தது.
பக்கத் தகட்டை மெல்ல நகர்த்தினேன்.
விரலை மடக்கிக்கொள்ளும் பிள்ளைகளின் கள்ளம் அதற்கில்லை.
என் நடுவிரல் அகலம். அவ்வளவே.
சமையல் தராசில் எழுபத்தெட்டு கிராம்.
ஷூவுக்குள் நாளைக்கு இடம் விடலாம்.
தொண்டைக்குள் இன்றைக்கு மட்டும்தான் இடம்.

ஒவ்வொரு இரவும் கண்ணாடியைத் தேய்த்தது.
விளக்கை அணைத்துவிட்டு
நானும் தூங்காமல் கிடந்தேன்.

பதினைந்தாம் நாள் முதல் எண்ணிலிருந்து ஒன்று,
சுண்டுவிரலின் கடைசிக் கணு அளவு.
அவமானமாக இருந்தது அதை நீட்ட.
இடுக்கி நுனியிலிருந்து இரண்டே நிமிடத்தில் காணோம்.
விரலுக்கேற்ற வீக்கம்,
தடவினால்தான் தெரியும்.

இரண்டு நாள் பொறுத்து மார்வெலுக்கு எழுத உட்கார்ந்தேன்.
சமையலறை, குளிர், வாடகை, எப்போது வருவாய்,
நாலு பக்கம் தாண்டியது.
வாசித்தேன்.
அழித்தேன்.

அனுப்பியது இவ்வளவு:
"செவ்வாய் சாப்பிட்டது.
உள்ளே நின்றது."