மூன்றாவது செம்பு

முதல் செம்புத் தண்ணீருக்கு ஆடு சும்மா நின்றது.
இரண்டாவதுக்கும்.
கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியை இழுத்து
மென்றுகொண்டிருந்தது.
புதுவயலுக்கு வடக்கே, கண்மாய்க் கரைக் கருப்பர் கோயிலில்
முந்நூறு பேர் வாய் பொத்திக் காத்திருந்தோம்
ஓர் ஆட்டின் சம்மதத்துக்கு.

அது சிலிர்க்காமல் அரிவாள் எழாது.
அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.
கேட்காமல் வெட்டுகிறவர்கள் இல்லை நாங்கள்.

மூன்றாவது செம்பைச் சேவுகன் அதன் காதுக்குள் ஊற்றினான்.
தலையிலிருந்து வால்வரை உதறியது.
"குடுத்துருச்சுடோய் உத்தரவு!"
குலவை.
கோயில் நோட்டில் எழுதினேன்:
கிடாய் ஒன்று, பதினோராயிரத்து ஐந்நூறு.

அரிசி ஆலையிலும் நான்தான் கணக்கு.
எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது
இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு.

சித்திரையில், நெல் அவிக்கும் தொட்டியின் அடைப்பு கழன்று
பிதேசி மாஞ்சியின் காலில் கொதிநீர் இறங்கியது.
பிதேசி என்றால் அவர்கள் பேச்சில் அயலூரான்.
பெற்றவளே வைத்த பெயராம்.
ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார். நாற்காலி, இளநீர்.
"வலி இருக்கா?" என்று தமிழில் கேட்டார்.
அவன் முதலாளியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
தலையை ஆட்டினான், இடமும் வலமுமாக.
"இல்லையாம் சார்" என்றேன்.
யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அதே மாதம் முதலாளியின் கண்டனூர் வீட்டு நாய் நொண்டியது.
காரைக்குடிக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்த வகையில்
நாலாயிரத்து எண்ணூறு; காவல் செலவு.
நாயைக் குறை சொல்ல மாட்டேன்.
அதற்கும் வலித்துத்தான் இருக்கும்.
அது ஊளையிட்டது, வீடு முழுக்க எழுந்து வந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளியின் மருமகன் வயிரவன் படித்தவர்.
உமி மேட்டோரம் சிகரெட் பிடித்தபடி ஒருநாள் சொன்னார்:
"பாவம் புண்ணியமெல்லாம் வரப்பு மாதிரிண்ணே.
வெட்டுறவன் வெட்டுன இடம்.
அடுத்த ஊர்ல வேற இடத்துல வெட்டியிருப்பான்."
மறுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை.
மாதம் ஒருமுறை கிடங்கை மூடி
மாத்திரை வைக்கிறவன் நானும்தான்.
மூன்றாம் நாள் கூட்டினால் வண்டு முறம் முறமாக வரும்.
வண்டைச் சேர்த்தால் எறும்பு வரும் கணக்குக்கு,
எறும்பைச் சேர்த்தால் பேரேடு போதாது.
எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.
இன்றும் தெரியவில்லை.
சோறு தின்கிறேன்.

கோயில் பந்தியில் பிதேசிக்கும் ஓர் இலை விழுந்தது.
காலை மடக்க முடியாமல்
நீட்டி உட்கார்ந்திருந்தான்.
"சாமி பந்தியில காலை நீட்டுறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள்.
பதறிப்போய் மடக்கினான்.
பரிமாறிக்கொண்டிருந்தேன் நான்.
குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது,
பிறகு அடுத்த இலைக்குப் போனது.

அன்றிரவு குளிக்கும்போது
கதவு தாழிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு
ஒரு செம்புத் தண்ணீரை
என் காதுக்குள் ஊற்றினேன்.
உடம்பு உதறியது.
நான் உதறவில்லை, உடம்பு.
எதற்கு உத்தரவு கொடுத்தேன்,
யார் கேட்டார்கள்?

வரப்பை யாரும் எங்கும் வெட்டிக்கொள்ளட்டும்.
தண்ணீர் சில்லென்று இருந்தது.
அது யார் வெட்டியதும் இல்லை.

காலையில் அவனோடு வேலை செய்யும் பையனிடம்
ஒரு சொல் கேட்டு வாங்கிக்கொண்டு
தொட்டிப் பக்கம் போனேன்.
"துகாத்தா?" என்றேன். வலிக்கிறதா.
என் உச்சரிப்புக்குப் பையன் சிரித்தான்.
பிதேசி சிரிக்கவில்லை.
கேட்டது நான் என்பதாலோ என்னவோ
பழையபடி தலையை ஆட்டினான்,
இடமும் வலமுமாக.

குனிந்து, சுற்றியிருந்த துணியை விலக்கி,
காலைப் பார்த்தேன்.