சராசரி

இரண்டு வட்டங்களை ஒன்றாக்கி
மூன்று அலுவலகங்களை மூடியபின்
மிச்சமிருந்த ஒன்றுக்கு
மேசைக்கொரு விளக்கு அனுப்பினோம்.
ஒரு மனுவுக்குப் பதினோரு நிமிடம்.
அதுவரை பச்சை,
அப்புறம் மஞ்சள்,
அதையும் தாண்டினால்
ரீகாவில் என் திரையில் சிவப்பு.

லாட்வியாவின் கிழக்கு விளிம்பில்
பைன் காட்டுக்குப் பின்னால்
நாளைக்கு இருமுறை பேருந்து வரும் அந்தச் சிற்றூர்
ஒரே காலாண்டில் முதலிடத்துக்கு வந்தது.
சராசரி ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.
"போய்ப் பார்த்துவிட்டு வா,
மற்றவர்களுக்கும் சொல்லித்தரலாம்" என்றார்கள்.

பிப்ரவரி.
பூட்ஸைத் தட்டிப் பனியை உதறியபடி
தெருவரைக்கும் வரிசை.
முதலிடத்துக்கு ஏன் இத்தனை நீள வால் என்று
யாரையும் கேட்கவில்லை.
நானும் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
எண் அறுபத்திரண்டு.

மூன்றாம் மேசையில் ஸைகா.
எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
மனைவி வெனராண்டாவின் இறப்பைப் பதிய வந்தவர்.
பிறந்த ஊரைச் சொல்கிறார்.
புதிய பட்டியலில் அந்த ஊர் இல்லை,
போன வருடம் நாங்கள்தான் எடுத்தோம்.
"அப்படியென்றால் எங்கே பிறந்தாள்?" என்கிறார்,
கோபமில்லாமல்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள.

பத்தாவது நிமிடம்
ஸைகாவின் சுண்டுவிரல்
பார்க்காமலே ஒரு பொத்தானைத் தொட்டது.
'மனு முடிந்தது' என்றது திரை.
விளக்கு பச்சை.
அவர் அங்கேயேதான் இருந்தார்.
அவள் எழுந்து பின்னறைக்குப் போய்
வில்னிஸை அழைத்துவந்தாள்.

சம்பளப் பட்டியலில் அவர்
கோப்பு உதவியாளர், நிலை மூன்று.
எந்தப் பண்ணை எந்த ஆண்டு எந்தப் பெயருக்கு மாறியது,
எந்தப் பேரேட்டின் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன,
எல்லாம் தலைக்குள்.
அவருக்கு விளக்கு கிடையாது.
பழுப்பேறிய பக்கமொன்றைத் திறந்து
விரல் படாமல் காட்டினார்.
கிழவர் குனிந்து வாசித்தார்.
இன்னொரு முறை வாசித்தார்.

நாற்பத்தொன்பதாவது நிமிடம் எழுந்து போனார்.
கணக்கில் பத்து.
மீதி முப்பத்தொன்பது
ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் இடையே
விழுந்து கிடந்தது.
அந்த இடைவெளியை அளக்க
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறுபத்திரண்டு.
நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
"பதினோரு நிமிடம், யார் சொன்ன கணக்கு?"
"நான்தான்" என்றேன்.
ஒரு ஜூன் மாதம், தலைநகரில்,
விடுமுறைக்குக் கடவுச்சீட்டு வாங்க வந்த இளைஞர்களை
நிறுத்துகடிகாரத்தோடு எண்ணியது.
அவள் சிரிக்கவில்லை.
விளக்கைப் பார்த்து,
"உங்களுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது" என்றாள்.

திரும்பும் பேருந்தில் அறிக்கை எழுதினேன்.
'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.'
கண்ணாடிக்கு வெளியே காடு ஓடியது.
நல்லது செய்துவிட்டதாகவே
நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மே மாதக் கூட்டத்தில் என் அறிக்கையைத் திரையில் போட்டார்கள்.
எல்லாம் பச்சை.
"இவ்வளவு சுலபமாக முடிகிறதென்றால்
அங்கே ஓர் ஆள் அதிகம்."
யாரை என்று தேட வேண்டியிருக்கவில்லை.
விளக்கில்லாத ஒருவர்தான் இருந்தார்.
காகிதத்தின் அடியில் என் கையெழுத்து,
கொஞ்சமும் கோணாமல்.

இப்போது ஜூன்.
மூன்றாம் மேசை காலையிலிருந்து சிவப்பு.
நாற்பத்தேழு. ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்று.
பொத்தானை அவள் தொடுவதை விட்டுவிட்டாள்.
சீர்திருத்தத்துக்குப் பிறகு
செயல்திறன் ஏன் சரிந்தது என்று
கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது.
எடுக்க ஆளில்லை.
பின்னறையில்,
எந்த அலமாரி என்று தெரியாமல்
நின்றுகொண்டிருப்பாள்.
நான் வைக்கவில்லை.
போன வாரம் என் மேசைக்கும் ஒரு விளக்கு வந்தது.
அது மஞ்சளாகிறது.