வெள்ளை ரசீதுகள்

ஜூன் பிறந்தால் என் படிக்கட்டுக்கு மூச்சு வாங்கும்.
ஜாலான் ஈப்போவில் சாவிக்கடைக்கு மேலே
ஒற்றை அறை.
கீழே சாவி அராவும் சத்தம்,
மேலே நான், ஒரு கணிப்பான்,
காகிதம் பறக்காமல் இருக்க நாலு எடைக்கல்.

முடிதிருத்துகிற மாசிலாமணி நோட்டு கொண்டுவருவார்.
கேட்டரிங் கமலவேணிக்கு பிஸ்கட் டின்.
முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கையில்
ஆரோக்கியநாதன் வந்தார், இழுவை லோரிக்காரர்,
போன வருஷத்தை மொத்தமாய்
ஒரு மஞ்சள் பையில் முடிச்சுப் போட்டு.

அவிழ்த்தேன்.
எல்லாம் வெள்ளை.
பன்னிரண்டு மாத டீசலும்
முன்கண்ணாடி ஓரம் கிடந்து கிடந்து
எழுத்தை வெயிலுக்கே கட்டிவிட்டு
வெறுந்தாளாய் வந்திருந்தது.
விளக்கடியில் சாய்த்தேன், திருப்பினேன்.
ஒன்றே ஒன்றின் அடியில் மட்டும்
'தெரிமா காசே'.
காசுதான் தெரியவில்லை.

"இது செல்லாதுங்க."

அவர் ஒரு தாளை எடுத்தார்.
கண்ணாடிகூடப் போடவில்லை.
"இது காராக் ஏறுறதுக்கு முன்னாடி. எண்பது வெள்ளி டீசல்.
விடியக்காலை மூணு, நல்ல மழை.
கல்யாண வண்டி, கியர் போச்சு,
பொண்ணு பட்டுப்புடவையோட என் பக்கத்துல உட்கார்ந்து வந்துச்சு."
அடுத்தது.
"செகாம்புட். அறுபத்தஞ்சு. பல் டாக்டர் காரு,
இன்னும் பணம் வரல."
அடுத்தது, ஓரம் கிழிந்தது.
"இது நான் சாப்பிட்ட ரொட்டி சானாய்.
அதை விடுங்க."

கிழிசல், எண்ணெய்க் கறை, நாலாய் மடித்த தழும்பு,
அவருக்கு அதுதான் எழுத்து.
கட்டைவிரலால் தடவித் தடவி
ஒரு வருஷத்தை வாசித்தார்.
பொய் இல்லை.
வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்த இடமெல்லாம்
சென் பிசகவில்லை.

ஆனாலும் பாரத்தில்
ஞாபகத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.
"ஏழு வருஷம் காகிதத்தைக் காப்பாத்தணும்ணே" என்றேன்.
"எங்க கோயில்ல சனி கிடையாது கணக்கக்கா,
ஆனா ஏழரைன்னா தெரியும்.
அதுக்கு அரை கம்மி, அவ்வளவுதானே."

வங்கியில் தெரிந்ததை எழுதினேன்.
ரொக்கமாய்க் கொடுத்ததை எல்லாம் விட்டேன்.
வரி இருநூற்றுப் பதினேழு வெள்ளி கூடியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.
நான்தான் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால்
அந்த இருநூற்றுப் பதினேழோடு உட்கார்ந்திருந்தேன்.

வாங்கின கையோடு படம் எடுத்து அனுப்புங்கள்
என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.
அனுப்புகிறார்.
அகால நேரத்தில் போன் துடிக்கும்:
டீசல் ரசீது, ஓரத்தில் கறுத்த நகம்.
டயர்க்கடை பில், அதிலும் நகம்.
சில ராத்திரி ரசீதே இருக்காது.
பள்ளத்தில் ஒரு வேன்;
அடுத்த படத்தில் அதே வேன், ரோட்டில்.
"இதை எந்தக் கணக்குல ஏத்துறது?"
"சும்மா பாருங்கக்கா."
அதற்கென்று தனியாய் ஒரு கோப்பு திறந்திருக்கிறேன்.
கூட்டல் கிடையாது அதில்.

நேற்று வந்தது
என் கையெழுத்து.
கணக்கெழுதின கூலி, நூற்றெண்பது வெள்ளி,
நான் கொடுத்த ரசீதை
எனக்கே அனுப்பியிருந்தார், நகத்தோடு.
அவர் செலவில் ஏற்றினேன்.
என் நோட்டை எடுத்து வரவில் வைத்தேன்.

பேனா மைதான், வெயிலுக்கு அசையாது.
இருந்தாலும் ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து
அடிக்கட்டையை ஒருமுறை
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.