பல்லைக் கடித்துக்கொண்டு

ஏதேரியின் கார்
சொலொலாக்கி ஏற்றத்தில் பின்னோக்கி
பதினோரு மீட்டர் தானாகவே போயிருக்கிறது.
உள்ளே ஆளில்லை, சாவியில்லை.
தூக்கத்தில் நடப்பவனைப் போல நிதானமாய்,
பழக்கடை ஷால்வாவின் மாதுளைப் பெட்டிகள் நான்கை நசுக்கி
முசுக்கொட்டை மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறது.

எலியாவா சந்தையில் என் கொட்டகைக்கு
அதைக் கட்டி இழுத்து வந்த அன்று
அவள் சொன்ன முதல் வார்த்தை:
“ ‘பி’யில்தான் போட்டிருந்தேன், நுக்ஸார்.”

எல்லோரும் சொல்வதுதான்.
அமெரிக்க ஏலத்தில் விழுந்து
போத்தி துறைமுகத்தில் வந்து இறங்கும் கார்கள்
முந்தைய பிறவியில் சமவெளியில் வாழ்ந்தவை போலும்.
திபிலிசியின் இந்தத் தெருவோ
நின்றுகொண்டு தேநீர் ஊற்றினாலும்
கோப்பை ஒருபக்கம் வழியும் தெரு.

மூன்றாம் நாள் கியர்பெட்டியைப் பிரித்தேன்.
கறுத்த எண்ணெய்க்குள் கைவிட்டு எடுத்தேன்:
என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு இரும்புக் கொக்கி.
முனை தேய்ந்து, உறிஞ்சி முடித்த மிட்டாய்போல் வழவழவென்று.

“இதுவா?”
“இதேதான். ஒன்றரை டன்னை
இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.
காலையில் ‘பி’யிலிருந்து இழுக்கும்போது
‘டக்’கென்று ஒரு சத்தம் வந்திருக்குமே?”
“எனக்குக் காலை வணக்கம் சொல்கிறது என்று நினைத்தேன்.”
“பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது, அம்மணி.
சக்கரத்தின் பல்லை, இந்தப் பல்லால்.”

ஏதேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கொக்கியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவள் பல் மருத்துவர் என்பது
அப்போது எனக்குத் தெரியாது.

மருந்துச்சீட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள், நான் சொல்லச் சொல்ல:

கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்.
உடனே ‘பி’க்குத் தாவ வேண்டாம், நியூட்ரலில் நிறுத்து.
கைப்பிரேக்கை இழு, நன்றாக, கை கொஞ்சம் வலிக்க.
இப்போது காலை மெல்ல எடு.
கார் ஒரு விரற்கடை அசையும். பதற வேண்டாம்.
எங்கே உட்காருவது என்று
பாரம் இடம் தேடுகிறது, அவ்வளவுதான்.
பின்சக்கரங்களில் உட்கார்ந்துவிடும்.
மறுபடி பிரேக்கை மிதித்து, அதற்கப்புறம் ‘பி’.
இனி கொக்கிக்குச் சுமையில்லை, காவல் மட்டும்.
மூக்கு மேட்டைப் பார்த்தால் முன்சக்கரம் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம்,
பள்ளத்தைப் பார்த்தால் நடைபாதைப் பக்கம்.
எல்லாம் கைவிட்டாலும் ஓரக்கல் ஒன்று மிஞ்சும்.

“இவ்வளவுக்கும் எத்தனை நேரம் ஆகும்?”
“எட்டு விநாடி.”
“எனக்கு அந்த எட்டு விநாடி இருந்ததில்லை,” என்றாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில் அல்ல,
கணக்குப் பார்க்கும் குரலில்.

அறுநூற்று நாற்பது லாரி கூலி.
முன்னூறை எண்ணி வைத்தாள்.
மீதிக்கு, “வாயைத் திறங்கள்,” என்றாள்.
அவள் நாற்காலியில் அல்ல, என் கொட்டகையிலேயே,
என் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு.

“இடது கீழ்க் கடைவாய். தட்டையாகிவிட்டது.
தூக்கத்தில் அரைக்கிறீர்கள்.
எதை இதன்மேல் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?”

கொட்டகை வாடகை.
போலந்துக்குப் போய் நான்கு வருடமாய்
போனை எடுக்காத தம்பி கேலா.
வேறு சிலதும்.
ஒன்றும் சொல்லவில்லை,
வாயில் அவள் விரல் இருந்தது.

நவம்பரில் அந்தத் தெருவுக்கு
யாருக்கோ பேட்டரி மாற்றப் போனேன்.
காலை ஏழு மணி, ஈரக் கல், லேசான பனிமூட்டம்.
ஏதேரி காரில் ஏறினாள்.
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.
‘டக்’ இல்லை.
கைப்பிரேக் இறங்கும் சத்தம் மட்டும்,
பிறகு டயருக்கடியில் சருகு.

ஷால்வா மட்டும் அவளைக் கண்டதும்
மாதுளைப் பெட்டிகளைக்
காலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.