பொதுச்சுவர்

முதலில் ஆணிகளைப் பிடுங்கினேன்.
இருபத்தேழு.
அதில் ஒன்பது
எந்தப் படத்தையும் தாங்காதவை.
எதற்கு அடித்தோம் இவற்றை என்று கேட்க
அடித்தவன் இங்கில்லை.
ஜொகன்னஸ்பர்க்கில் வேறொரு சுவரில்
அடித்துக்கொண்டிருக்கிறான்.
நன்றாக இருக்கட்டும்.

தரகர் நூற்றுக்கு ஏழு கேட்டார்.
ஏழு என்பது என் வலது முழங்கால்.
நானே விற்கிறேன் என்று சொல்லிவிட்டு
ஓர் அட்டை வாங்கினேன், தடித்த கறுப்புப் பேனா வாங்கினேன்.
வீடு விற்பனைக்கு, உரிமையாளர் நேரடி
என்று பெரிதாக ஆரம்பித்ததில்
தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்
ஓரத்தில் இடிபட்டு நிற்கின்றன,
மினிபஸ்ஸில் கடைசியாக ஏறியவர்களைப் போல.

செவ்வாய்க்கிழமை வண்டு பார்ப்பவர் வந்தார்.
இந்தக் கடற்கரையில் வீடு கைமாற
மரத்தில் வண்டு இல்லை என்றொரு தாள் வேண்டும்.
ஏணி ஏறி, உத்தரத்தை விரலால் தட்டி,
காது கொடுத்துக் கேட்டார்,
டாக்டர் முதுகைத் தட்டிக் கேட்பதுபோல.
கீழே டார்ச்சைப் பிடித்திருந்த நான்
மூச்சை இழுத்து விட்டேன்.
சுத்தம், ஆன்ட்டி, என்றார் இறங்கி வந்து.
முப்பத்தோரு வருடம்
தலைக்கு மேலே ஒன்றும் அரிக்கவில்லையாம்.
அரித்ததெல்லாம் கீழேதான்.
அதற்கு யாரும் தாள் கேட்பதில்லை.

மின்சாரத்துக்கு ஒரு தாள்.
முனிசிபாலிட்டி பாக்கி இல்லை என்று ஒரு தாள்.
அவன் கையெழுத்து வேண்டிய தாள் ஒன்று
கூரியரில் போய்
கூரியரில் வந்தது.
பேனா அழுத்தமாகவே ஓடியிருந்தது.

பெயின்ட் கடைப் பையன் மக்னோலியா என்றான்.
எல்லோருக்கும் பிடிக்கும், யாருக்கும் உறுத்தாது.
கூடம், நடை, இரண்டு அறை
மூன்று சனிக்கிழமைகளில் முடித்தேன்.
சமையலறை மூலையில் மட்டும்
விளக்குக் கரி
பூச்சுக்கு மேல் பூச்சு தாண்டி
சாயங்காலமானால் வந்து நிற்கிறது.
நாலாவது பூச்சுக்குத் தோள் இல்லை.
பிடுங்கிய ஆணிகளில் ஒன்றைத் தேடி எடுத்து
அங்கே அடித்து
மளிகைக் கடைக் காலண்டரை மாட்டினேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.
ஒன்பதரைக்கே வந்தவை குரங்குகள்.
கூரையில் குதித்துப் பார்த்தன,
ஜன்னல் கம்பியை உலுக்கிப் பார்த்தன,
பப்பாளி மரத்தடியில் கலந்து பேசின.
விலை கேட்காமலே போய்விட்டன.

பிறகு நொக்குத்துலா. நர்ஸ்.
இரவுப் பணி முடிந்த கண்களோடு,
பள்ளிக்கூட சாக்ஸ் போட்ட மகனோடு.
எல்லாக் குழாயையும் திறந்து மூடினாள்.
அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள்.
காலண்டரை ஒதுக்கி, கரியைப் பார்த்து,
கோணாமல் திரும்ப மாட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒட்டு வீடுதானே, சத்தம் கேட்குமா
என்று கேட்டபடியே
பொதுச்சுவரில் முட்டியால் இரண்டு தட்டினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து
இரண்டு தட்டு.

சிந்தாமணி.
அவன் பெட்டியோடு போன ராத்திரி
ஒன்பதரைக்கு இப்படித்தான் தட்டினாள்.
என்ன ஏது என்று வந்து கேட்கவில்லை.
இரண்டே தட்டு.
நானும் திரும்பத் தட்டினேன்.
பதினோரு வருடமாக
விளக்கணைக்குமுன் அவள் இரண்டு, நான் இரண்டு.
கரன்ட் இல்லாத இரவுகளிலும்.
அட்டையை வேலியில் கட்டிய நாளிலிருந்து
வாசலில் என்னிடம் பேசுவதில்லை அவள்.
தட்டுவதை நிறுத்தவில்லை.

கேட்கும் என்றேன்.

நொக்குத்துலா சுவரையும் என்னையும் பார்த்தாள்.
இருபதாயிரம் குறைப்பீர்களா என்றாள்.
நான் பதில் யோசிக்கும் நேரத்தில்
பையன் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று
மூன்று தட்டினான்.

மூன்று எங்கள் கணக்கில் இல்லை.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.
டிவியின் சத்தம் குறைந்தது.
பையன் காதை வைத்தான்.

வெகுநேரம் கழித்து, ஒவ்வொன்றாக,
எழுத்துக்கூட்டுவதுபோல
மூன்று.

நான் கீஸர் வாங்கி
நாலு வருடம்தான் ஆகிறது என்று
சொல்லத் தொடங்கினேன்.