ஆறரை இஞ்ச்

கம்பெனிக்காரன் கதவில் விட்ட துளை நாலு இஞ்ச்.
நான் வாங்கி வந்த ஸ்பீக்கர் ஆறரை.
இடையில் நிற்கிற இரண்டரைக்கு
வண்ணார்பேட்டையில் எந்தக் கடையிலும் வளையம் இல்லை.
"இண்டிகாவுக்கா? அதெல்லாம் இப்ப வாரதில்ல அண்ணாச்சி"
என்றவன் மறுபடி போனுக்குள் குனிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை,
செல்வக்கனி ஆராதனைக்குப் போயிருந்த நேரம்,
அடுக்களையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகையை எடுத்தேன்.
பன்னிரண்டு மில்லி கனம். தண்ணீர் குடிக்காது, உளுக்காது.
அட்டையில் வட்டம் போட்டு வெட்டி
அதைப் பலகையில் படியெடுத்து
ரம்பத்தை ஓட்டினேன்.
வாசல் முழுக்கத் தேங்காய்த் துருவல் போல வெள்ளைத் தூள்.
சூடேறிய பிளாஸ்டிக்கிலிருந்து
ஏழு வருசத்து வெங்காயம் எழுந்து வந்தது.

மாட்டி, முடுக்கி, கண்ணாடியை இறக்கினால்
டிக்.
காந்தத்தின் முதுகில் இடிக்கிறது.

அவளுக்கென்று வாங்கி வந்த புதுப் பலகையும்
அன்று சாயங்காலமே போனது.
வளையத்தின் மேல் வளையம்.
அந்தப் பிளாஸ்டிக் எந்தப் பசைக்கும் மசியாது
ஆகவே நாலு போல்ட்.
மழை பெய்தால் கதவுக்கு உள்ளேயும் பெய்யும் என்பதைக்
கதவைக் கழற்றிய பிறகுதான் அறிந்தேன்.
எண்ணெய் டப்பாவை அரைவட்டமாய் நறுக்கி
காந்தத்துக்கு மேலே
சின்னதாய் ஒரு கூரை.

திருப்புளியை நீட்டிக்கொண்டிருந்த மைதீன் பிச்சை கேட்டான்:
"வலப்பக்கம் ஒனக்கு எதுக்குவே?"

நியாயம்தான்.
கயத்தாறுக் காற்றாலையில்
பல்சக்கரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது வருசம்.
வலது காது அங்கேயே தங்கிவிட்டது.
ஓட்டுகிறவன் கதவு
ஒன்றும் கேட்காத பக்கம்.
"ரெண்டு ரெண்டாத்தான விக்கான்" என்றேன்.

நாலுவழிச் சாலையில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.
தாழையூத்து தாண்டும் வரை பேசவில்லை.
பிறகு:
"பாடுறவ எங்க இருக்கான்னே தெரியலயே.
வண்டி பூரா பரவிக் கெடக்கா.
மேளத்துல அடியே இல்ல."

எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.
ஒற்றைக் காதுக்கு
எல்லாக் குரலும் அப்படித்தான்.
அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிட்டால்
நான் வாசலுக்குப் போய் நிற்பேன்.
இத்தனை வருசமாய்.

சாலையோரம் நிறுத்தி
டார்ச் லைட் செல்லை வயரில் தொட்டுப் பார்த்தேன்.
இடது கூம்பு வெளியே துள்ளியது.
வலது உள்ளே ஒடுங்கியது.
ஒன்று தள்ளத் தள்ள
மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது,
மேளம் நடுவழியில் காணாமல் போக.
எந்த ஸ்பீக்கரிலும் பழுதில்லை.
வயர்தான் மாறிப்போச்சு.

மாற்றி மாட்டினேன்.
அவள் கண்ணை மூடி,
டேஷ்போர்டுக்கு நடுவில்,
கண்ணாடிக்குச் சற்று இந்தப் பக்கம்,
விரலால் ஒரு புள்ளியைக் காட்டினாள்.
"இங்க இருக்கா."
அங்கே பார்த்தேன்.
ஒரு செத்த ஈயும்
டோல்கேட் ரசீதும் இருந்தன.
ஆனாலும் அந்த இடத்தை இப்போது எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில்
வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக்
கதவில் வைத்தேன்.
உள்ளங்கையில் மேளம் வந்தது,
பூசணியும் சாளையும் வெட்டுப்பட்ட தழும்புகளின் வழியே.
"ரெண்டு கையாலயும் ஓட்டுங்க" என்றாள்.
சத்தத்தைக் கூட்டியதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும்
தட்டில் வைத்துக் கத்தரிக்காய் நறுக்கினாள்,
கிர்ர்ரென்று, எனக்குக் கேட்கும்படி.

மூன்றாவது பலகைக்குப் போனபோது
பாத்திரக்கடைக்காரர் கேட்டார்:
"ஓட்டல் எதும் ஆரம்பிச்சிருக்கியளா?"