நிற்கும்போது ஒழுகுவது

ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை.
அதுதான் குழப்பம்.
விடியலில் தாரின் துறையை விட்டு
நாற்பது குதிரையும் ஒரே தொண்டையில் கனைத்துப் போய்,
கர்கூர்க் கூட்டைத் தூக்கி, நண்டை உதறி,
ஐஸ் பெட்டி நிறைத்துத் திரும்பும்வரை
மோட்டாரின் அடிவயிறு காய்ந்தே இருக்கும்.
கட்டிப்போட்டுக் கரையேறி
குப்பூஸைப் பருப்பில் தோய்த்துத் தின்று வந்தால்
தண்ணீரில் வானவில்.

கஃபீல் அபு ஹாஷிம்
தொட்டிக்குள் குச்சி விட்டு ஈரம் அளந்தார்.
சிலுவைதாசனைச் சில்வா என்று சுருக்கிய வாய்
அன்று அதையும் சொல்லவில்லை.
'ஒரு வாரம், எட்டு லிட்டர்' என்றது.
சொபுஜைப் பார்த்தார், பிறகு என்னை.
பெட்ரோல் விற்கிறவர்கள் இந்தத் துறையில் உண்டு,
எனக்கும் தெரியும்.
நாங்கள் இல்லை என்று சொல்ல
என்னிடம் இருந்த அரபி மூன்றே சொல்.
சம்பளத்தில் அறுபது ரியால் கழிந்தது.

மூடியைக் கழற்றினேன்.
கார்புரேட்டர் ஒரு சின்ன வீடு:
கிண்ணம், மிதவை, ஊசி.
பெட்ரோல் ஏற மிதவை ஏறும்,
மிதவை ஏற ஊசி வாசல் அடைக்கும்.
போதும் என்று சொல்லத் தெரிந்த பொருள்
இந்தத் துறையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஊசிமுனையில் நகத்தை ஓட்டினேன், பள்ளம் தட்டியது.
அகப்பட்டாய் என்றேன்.
ஜுபைலில் புது ஊசி முப்பத்தைந்து ரியால், என் காசு.
மறுநாள் வானவில்.

மிதவையைக் காதருகே குலுக்கினேன்.
உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளக் என்னும்.
ஒன்றும் சொல்லவில்லை.
கேஸ்கெட் அப்பளமாய் நொறுங்கியது, மாற்றினேன்.
வடிதிருகின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன்.
மறுநாளும் வானவில்.

'மோட்டாருக்கு ஊர் ஞாபகம், அழுகிறது'
என்றான் சொபுஜ்.
போடா, அழுகிறதென்றால் ராத்திரி அழும்,
நட்டநடுப் பகலில் எவன் அழுவான்?

சொல்லிவிட்டு ஸ்பேனரும் கையுமாய் நின்றேன்.
ராத்திரி அடியில் வைத்த அட்டை
காலையில் காய்ந்து கிடந்ததே.

அன்று சாப்பிடப் போகவில்லை.
ஆகஸ்ட். பன்னிரண்டரை.
நிழல் காலுக்கடியில் ஒளிந்த நேரம்.
மோட்டாரைப் பார்க்கவில்லை,
அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.
சிவப்புத் தொட்டியைப் பார்த்தேன்.
கரையில் எறிந்த பேத்தை மீனாய்
உப்பிக்கொண்டிருந்தது.
குழாய் நடுவே கைப்பம்பு
யாரும் அமுக்காமலே கல்லாகியிருந்தது.
மூடியில் காற்றுத்திருகு.

அதை இறுக்கியவன் நான்.
கரை சேர்ந்ததும் தினமும் கையால்,
பழி விழுந்தபின் பிளையரால்.
ஒரு சொட்டும் ஆவியாகிவிடக் கூடாதே என்று
நாணயத்துக்கு நானே போட்ட பூட்டு.
வெயில் உள்ளே ஊத ஊத,
போக்கிடம் இல்லாத காற்று
பெட்ரோலைக் குழாய்வழி நெட்ட,
பாவம் ஊசி, மிளகைவிடச் சின்ன முனை,
எவ்வளவுதான் தாங்கும்.

ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.
உஸ்ஸென்று, நீளமாய், முடியாமல்.
தொட்டியின் விலா இறங்கியது.
மோட்டார் பக்கத்துக் குழாயையும் பிடுங்கி வைத்தேன்.
மூன்று மணிவரை அட்டையைக் காவல் காத்தோம்.
இரண்டு சொட்டு.
பிறகு இல்லை.

மாலையில் கஃபீலிடம் அட்டையை நீட்டினேன்.
சொல் போதாமல்
கன்னத்தைத் தொட்டிபோல் உப்பிக் காட்டினேன்,
உஸ்ஸென்று விட்டுக் காட்டினேன்.
சிரித்தார். தோளில் தட்டினார்.
'சில்வா முஹந்திஸ்' என்றார்.
வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

அறுபது ரியால் பற்றிப் பேச்சில்லை.

இன்னொரு தடவை கன்னத்தை உப்பினேன்.
இந்தத் தடவை விடவில்லை.